சாப்பிட்டாச்சா என்று கேட்ட கமாண்ட்

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டிய ஒன்றை நான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. தலையில் ஒரு நரை கூட இல்லை. இருக்கிறது என்று பக்கத்து மேஜை பிரபு சொல்வான், நம்பாதீர்கள். ஆனால் இந்த மாதக் கடைசியோடு ஆழ்வார்பேட்டை ஆபீசின் இந்த மூலை மேஜையைப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன். இந்த மேஜையோடு சேர்த்து நான் கட்டிய கம்ப்யூட்டர் கமாண்டுகளும் உங்களுக்கு வருகின்றன. அந்த வகையில் இது ஓய்வுதான்.

ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை எழுதி, ப்ராஜெக்டின் பேக்கேஜ் கோப்பில் ஒரு வரி சேர்த்து, அதைச் சொந்தக் கமாண்டாக மாற்றுவது எப்படி என்று எந்த வீடியோவும் சொல்லித் தரும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நீங்கள் கட்டும் கமாண்ட் ஒருநாள் யாரோ ஒருவர் கையில், ஏதோ ஓர் அவசரத்தில், வெறும் வயிற்றில் மாட்டும். அந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

நான் சேர்ந்தபோது இங்கே ஒரே பெரிய வாடிக்கையாளர். மந்தைவெளியில் சமையல்கூடம் வைத்திருக்கும் கேட்டரிங் மாமா. மயிலாப்பூர், அடையாறு, தி. நகர், நந்தனம் என்று வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மத்தியானச் சாப்பாடு அனுப்புகிறவர். யாருக்குச் சாம்பார் சாதம், யாருக்குத் தயிர் சாதம், யாருக்கு இன்று வேண்டாம் என்று வாடிக்கையாளர்கள் காலை பத்து மணிக்குள் நம் சைட்டில் சொல்வார்கள். அதன் பிறகு சமையல்கூடத்துத் திரையில் அன்றைய ஆர்டர்கள் தெரியும். அதைப் பார்த்து டப்பா கட்டுவார்கள். முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சைட்.

அப்போது இந்த ஆபீசில் சொந்தக் கமாண்ட் என்று எதுவும் கிடையாது. சுதாக்கா இருந்தார். புதிதாக எழுதியதை வாடிக்கையாளர்கள் பார்க்கிற லைவ் சைட்டில் ஏற்ற வேண்டுமா, நாங்கள் பழகிப் பார்க்கிற டெஸ்ட் சைட்டைத் துடைக்க வேண்டுமா, எதுவானாலும் கறுப்புத் திரையில் இரண்டு வரி நீளத்துக்கு ஏதோ அடிக்க வேண்டும். அது வேறு யாருக்கும் மனப்பாடம் இல்லை.

"சுதாக்கா, அந்த ஏத்துற கமாண்ட் இன்னா?" என்று பிரபு தன் நாற்காலியிலிருந்தே கத்துவான். சுதாக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒப்பிப்பார். அவன் தட்டுவான். நடுவில் ஒரு கோடு விட்டுப்போகும். மறுபடி கத்துவான்.

எனக்குக் கத்த வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அப்படி வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால், 'இவனை யாருய்யா உள்ளே விட்டது' என்று நினைத்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம். உங்களில் யாருக்காவது அது இருந்தால், கேட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது. நான் கேட்கவில்லை. சுதாக்கா ஒப்பிப்பதையெல்லாம் காதில் வாங்கி, ஒவ்வொன்றையும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக்கி, குட்டிப் பெயர் வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு சைட் என்பதால் மொத்தத்துக்கும் பெயர் 'டப்பா'. 'டப்பா பார்' என்றால் சைட் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும். 'டப்பா அனுப்பு' லைவில் ஏற்றும். 'டப்பா எடு' ஆர்டர்களை நகல் எடுக்கும். ராத்திரியில் அது தானாகவே ஓடும். 'டப்பா மீட்டு' அந்த நகலைத் திரும்ப வைக்கும். 'டப்பா கழுவு' டெஸ்ட் சைட்டைத் துடைத்துக் காலியாக்கும். தட்டுவது ஆங்கில எழுத்தில்தான். சொல்வது நம் வாய்க்கு வருகிறபடி.

வேலை கிடைத்த புதிதில் என் அம்மா கேட்டது நினைவிருக்கிறது. "நாள் முச்சூடும் இன்னாடா பண்ற அங்க?"

"கமாண்ட் எழுதறேன்மா. கம்ப்யூட்டருக்கு ஆர்டர் போடறது."

"போட்டா கேக்குதா?"

"கேக்குதும்மா."

"அப்ப உங்கப்பனுக்கும் ஒண்ணு எய்தி குடு. நானும் இருவத்தஞ்சு வருசமா போட்டுக்கினு கீறேன், ஒண்ணும் கேக்கல."

பிரபு ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்தான். "மச்சி, நீ இன்னா ரெண்டு வார்த்தையில முடிச்சுட்ட?" என்றான். மறுநாள் அவன் கம்ப்யூட்டரிலும் டப்பா இருந்தது. அதற்கு அடுத்த வாரம் முதலாளி ரமணன் சார் கம்ப்யூட்டரிலும் இருந்தது. அங்கேதான் முதல் சிக்கல்.

எனக்காக மட்டும் கட்டியது என்பதால், தப்பாகத் தட்டினால் 'அப்படி ஒண்ணும் கிடையாது. ஒழுங்கா பாரு' என்று சொல்லும்படி வைத்திருந்தேன். ரமணன் சார் அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்.

"வேலு, இங்க வா. இது யாரைச் சொல்லுது?"

"பொதுவா சொல்லுது சார்."

"ஒழுங்கா பாருன்னா? என் ஆபீஸ்ல உட்கார்ந்து, என் கரண்ட்ல ஓடி, என்னையே?"

'பாருங்க' என்று மாற்றினேன். அதோடு, என்ன தப்பு, அடுத்து எதைத் தட்ட வேண்டும் என்றும் சொல்ல வைத்தேன். சார் சமாதானமானார். பிரபுதான் வருத்தப்பட்டான். "முன்ன திட்டும்போது நம்ம வூட்டு ஆளு மாதிரி இருந்துச்சு. இப்ப மரியாதையா பேசுது, பயமா கீது மச்சி." இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது: உங்களுக்காக மட்டும் என்று எதையும் கட்டாதீர்கள். நல்லதாக இருந்தால் நாளைக்கே அது ஊருக்குப் போய்விடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுதாக்கா பிரசவ லீவில் போக வேண்டிய நாள் நெருங்கியது.

அவருக்கு லீவு என்றால் என்ன என்று அனுபவம் உண்டு. அவர் கல்யாணத்தன்று, மாலை மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால், பிரபு போன் செய்து கமாண்ட் கேட்டிருக்கிறான். சுதாக்கா மணமேடையில் நின்றபடி ஒப்பித்திருக்கிறார். அது கல்யாண வீடியோவில் பதிவாகியிருக்கிறது. ஒரு பக்கம் ஐயர் மந்திரம், இன்னொரு பக்கம் சுதாக்கா மந்திரம். மாப்பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

இந்தத் தடவை ரமணன் சார் முன்கூட்டியே சொன்னார். "லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா. ஏதாவது அவசரம்னா ரெண்டு நிமிஷம் பார்த்தா போதும்."

"ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல பிளக் பாயின்ட் இருக்கான்னு கேட்டு வைக்கவா சார்?"

கிண்டல் என்று சாருக்குப் புரியவில்லை. "கேட்டு வெச்சா நல்லதுதான்" என்றார்.

சுதாக்கா நேராக என் மேஜைக்கு வந்தார். "வேலு, உன் டப்பா ஒழுங்கா வேலை செஞ்சா என் லேப்டாப் இந்த ஆபீஸ்லயே இருக்கும். இல்லன்னா குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டே இந்தப் பிரபுவுக்குக் கோடு எங்க போடணும்னு சொல்லிக்கிட்டிருப்பேன். என்ன சொல்ற?"

என்ன சொல்வேன்? சரி என்றேன். குரல் மட்டும் கொஞ்சம் மெலிதாக வந்தது.

சாரிடம் போய் நான்தான் ஒரு சோதனையைச் சொன்னேன். லீவுக்கு முந்தைய வாரம் சுதாக்கா தன் சீட்டிலேயே இருப்பார். ஆனால் வேலை பற்றி வாய் திறக்கக் கூடாது. யாரும் கேட்கவும் கூடாது. டப்பாவை வைத்து நாங்களே சமாளிக்க வேண்டும். சார் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு தடவை அவ வாயைத் திறந்தாலும் லேப்டாப் வீட்டுக்குப் போகும்."

கூடவே டப்பாவுக்கும் ஒரு திருத்தம் சொன்னார். "எடுத்த எடுப்பிலேயே வேலையைப் பத்திப் பேசுது. நம்ம ஊர்ல யாராவது வந்தா முதல்ல என்ன கேப்போம்?"

"சாப்பிட்டாச்சான்னு கேப்போம் சார்."

"அதைப் போடு."

எனக்கும் பிடித்திருந்தது. சுதாக்கா கூட, யாராவது லைவில் ஏற்றப் போகிறோம் என்று வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். ஆகவே எந்தக் கமாண்டைத் தட்டினாலும் டப்பா முதலில் 'வணக்கம். சாப்பிட்டாச்சா?' என்று கேட்கும். ஆமாம் என்றால் 'a' எழுத்து, இல்லை என்றால் 'i' எழுத்து. இல்லை என்றால் 'போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்' என்று சொல்லி நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் வேலைக்கான கேள்வி. அதற்கும் அதே 'a', அதே 'i'. ஆபீசே சிரித்தது. கேட்டரிங் மாமாவுக்குக் காட்டியபோது, "பேஷ், பேஷ். இதை எங்காத்துக் கதவுலயும் மாட்டி விடுங்கோ" என்றார்.

சோதனை வாரம் நன்றாகவே தொடங்கியது. சுதாக்கா ஒரு பொட்டலம் முறுக்கோடு வந்து சீட்டில் சாய்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார். ஏதாவது தப்பாகப் போவது போலிருந்தால் முறுக்குக் கடிக்கும் சத்தம் அதிகமாகும். பிரபு அதைக் கண்டுபிடித்துவிட்டான். ஒவ்வொரு கமாண்டையும் பாதி தட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பான். நறுக் நறுக்கென்று கேட்டால் அழித்துவிட்டு வேறு தட்டுவான். இரண்டாம் நாளே சார் கவனித்துவிட்டார்.

"சுதா, முறுக்கையும் கீழ வை."

"சார், எனக்குப் பசிக்குது!"

"வாழைப்பழம் வாங்கித் தரச் சொல்றேன். அதுல சத்தம் வராது."

மூன்றாம் நாள் காலை. ஆர்டர் வாங்கும் நேரம் முடிந்து, சமையல்கூடத்தில் டப்பா கட்டத் தொடங்கும் வேளை. பிரபு கே.கே. நகரிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தான். டெஸ்ட் சைட்டைத் துடைத்துவிட்டு ஒரு புதுப் பக்கத்தைப் பழகிப் பார்க்க வேண்டும் என்பது அவன் திட்டம். எதிலும் கை வைக்கும் முன் லைவ் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்திருக்கிறான். நல்ல பழக்கம்தான். ஆனால் டப்பா, கடைசியாக எந்த சைட்டைப் பார்த்தீர்களோ அதன்மேல்தான் அடுத்த கமாண்டையும் ஓட்டும். அதை மறந்துவிட்டு 'டப்பா கழுவு' என்று தட்டினான்.

சற்று நேரத்தில் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா வேலு, இன்னிக்கு ஊர்ல யாருமே சாப்பிடப் போறதில்லையா?"

"ஏன் மாமா?"

"திரையில 'இன்று ஆர்டர் எதுவும் இல்லை, இனிய நாளாக அமையட்டும்'னு வரது. இங்க அண்டா அண்டாவா சாம்பார் கொதிச்சுண்டிருக்கு. இனிய நாளா எப்படி அமையும்?"

நான் பிரபுவைப் பார்த்தேன். பிரபு தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சி," என்றான் மெதுவாக, "லைவைக் கழுவிட்டேன் மச்சி."

ரமணன் சார் அறையிலிருந்து ஓடிவந்தார். சுதாக்கா வாழைப்பழத்தோடு பாதி எழுந்தார். வாயைத் திறந்தார்.

"அக்கா, பேசாதீங்க!" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். சாரும் கத்தினார் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். நிபந்தனை போட்டவரே அவர்தான். அது உடையக் கூடாது என்று அவருக்கும் ஏதோ ஆசை வந்துவிட்டது. சுதாக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கையில் இருந்த பழம் கூழாகிக்கொண்டிருந்தது.

"ஏதாவது பண்ணுடா!" என்றார் சார்.

"பண்றேன் சார், பண்றேன்," என்று பிரபு படபடவென்று தட்ட ஆரம்பித்தான். "முதல்ல சேஃப்டிக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுடறேன். அப்புறம் மத்ததப் பாத்துக்கலாம்."

'டப்பா எடு' என்று தட்டிவிட்டான். எண்டர் மட்டும்தான் பாக்கி.

எது சரி என்று அந்தக் கணத்தில் எனக்கும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: இந்த அறையில் யாருக்கும் இப்போது புத்தி வேலை செய்யவில்லை, என்னையும் சேர்த்து. ஆகவே அவன் நாற்காலியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். சக்கர நாற்காலி என்பதால் கதவு வரைக்கும் போய்விட்டான்.

"எண்டர் தட்டறதுக்கு முன்னாடி, அது இன்னா பண்ணப் போகுதுன்னு வாய்விட்டுச் சொல்லு பிரபு. என்கிட்ட சொல்லு."

"இதுக்கெல்லாமா டைம் கீது?"

"சொல்லுடா!"

"இன்னா பண்ணும்? லைவ்ல இருக்கற ஆர்டரையெல்லாம் காப்பி எடுக்கும். எடுத்து, நேத்து ராத்திரி எடுத்த காப்பி மேல எழுதி..." நின்றான். கதவருகே நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தான். "மச்சி, லைவ்லதான் இப்ப ஒண்ணுமே இல்லியே."

"ஆமா."

"அப்ப நேத்து காப்பியும் பூட்டிருக்குமே."

"ஆமா."

"ஐயோ" என்றார் சார்.

சுதாக்கா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். மூச்சு விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மூச்சு விடக் கூடாது என்று நிபந்தனையில் இல்லை.

புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். கெட்டது நடந்த பிறகு அவசர அவசரமாகச் செய்கிற இரண்டாவது காரியம்தான் ஆளைக் கவிழ்க்கும். முதல் தப்பைப் பெரும்பாலும் சரி செய்துவிடலாம். எண்டருக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் அது என்ன செய்யப்போகிறது என்று வாயால் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் தட்டாதீர்கள்.

முந்தைய இரவு எடுத்த நகல் பத்திரமாக இருந்தது. அதை மீட்கலாம். ஆனால் இன்று காலையில் மாற்றிச் சொன்னவர்களின் விவரம் அதில் இருக்காது. எதை மீட்பது, எப்படி மீட்பது என்பதற்கு முன்னால் மாமாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. போனை எடுத்தேன். எதிரே சார், 'சர்வர் பிராப்ளம்னு சொல்லு' என்று சத்தமில்லாமல் வாயசைத்தார்.

"மாமா, நாங்க தப்பா ஒண்ணை அழிச்சுட்டோம்."

சார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சுட்டேளா? எல்லாத்தையுமா?"

"நேத்து ராத்திரி வரைக்கும் சொன்னது இருக்கு மாமா. இன்னும் கொஞ்ச நேரத்துல திரையில வந்துடும். காலைல மாத்தினவங்களோடது மட்டும் போச்சு. அது யார் யாருன்னு எங்களுக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் மாமா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாமா பேசினார். "காலம்பற மாத்தறவா முக்காவாசிப் பேரு வயத்தைச் சரியில்லை, தயிர் சாதம் போறும்னு சொல்றவாதான். தயிர் சாதம் கூடக் கொஞ்சம் பிசையச் சொல்லி ஸ்கூட்டர்ல குடுத்து விட்டுடறேன். கேக்கறவாளுக்குக் கொடுக்கட்டும். வேண்டாம்னு சொன்னவாளுக்கும் சாப்பாடு போயிடும், அது பரவாயில்லை, யாரும் தூக்கிப் போட மாட்டா. சர்வர் கிர்வர்னு இழுத்திண்டிருந்தேள்னா நான் இங்க அண்டாவை வெச்சுண்டு காத்திண்டே இருந்திருப்பேன். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க மாமா."

"கத்தறவாளையெல்லாம் உங்க ஆபீஸ் நம்பருக்குத் திருப்பி விட்டுடுவேன்."

'டப்பா மீட்டு' ஓட்டினோம். பிரபு தட்ட, நான் வாய்விட்டுச் சொல்ல, சார் பின்னால் நின்று தலையாட்ட, மூன்று பேரும் சேர்ந்து ஓர் எண்டர் தட்டினோம். ஆர்டர்கள் திரும்பின. டப்பாக்கள் தாமதமாகப் போனாலும் போய்ச் சேர்ந்தன.

மத்தியானம் முழுக்கப் பிரபுதான் போன் எடுத்தான். நந்தனத்திலிருந்து ஒருவர், வயிறு சரியில்லாதவனுக்குச் சாம்பாரா என்று கத்தினார். "சாரி சார், தயிர் சாதம் ஸ்கூட்டர்ல வந்துக்கினே கீது சார், சாம்பார் பக்கம் மட்டும் போவாதீங்க சார்," என்று பிரபு கெஞ்சினான். அடையாறிலிருந்து ஓர் அம்மா, இன்று வேண்டாம் என்று சொன்னோமே, ஏன் வந்தது என்று கேட்டார். அனுப்பிவிடுங்கள் என்று சொல்லப் போனால், "அதெப்படி, சாப்பிட்டுட்டோம்" என்றார்.

சாயங்காலம் டீக்கடையில் பிரபுவைக் கேட்டேன். "லைவ்ல எல்லா ஆர்டரும் அழியும், சரியான்னு டப்பா கேட்டிருக்குமே. நீ இன்னா சொன்ன?"

"எனக்கு அந்தக் கேள்வியே ஞாபகம் இல்ல மச்சி. சாப்பிட்டாச்சான்னு கேட்டுச்சு, 'a' போட்டேன். அப்புறம் ஏதோ கேட்டுச்சு. அதுக்கும் 'a' போட்டேன்."

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல. டயட்டு. மத்தியானம் வரைக்கும் பச்சத் தண்ணிதான்."

"அப்ப ஏன்டா ஆச்சுன்னு சொன்ன?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "இன்னா மச்சி நீ? யாராவது சாப்பிட்டாச்சான்னு கேட்டா, இல்லன்னு சொல்ற வழக்கம் எங்க வூட்ல இல்ல."

எங்கள் வீட்டிலும் இல்லை. உங்கள் வீட்டிலும் இருக்காது. பசி காதை அடைத்தாலும், 'இப்பத்தான் ஆச்சு, நீங்க?' என்றுதான் நம் வாயில் வரும். மறுப்பே வராத கேள்வியை முதலில் வைத்து, நாள் முழுக்க எல்லோர் விரலையும் 'a' தட்டப் பழக்கியிருந்தோம். அதற்கடுத்த கேள்வி உலகமே அழியட்டுமா என்று கேட்டாலும் அந்த விரல் 'a'தான் தட்டும்.

அப்போதுதான் சுதாக்கா கேட்கும் விதம் நினைவுக்கு வந்தது. சாப்பிட்டியா என்பார். ஆச்சு என்போம். அதோடு விடமாட்டார். "என்ன சாப்பிட்ட?" என்பார். வெறும் வயிற்றோடு வந்தவன் அங்கே திணறுவான். "போ, போய் ஏதாவது தின்னுட்டு வா, அப்புறம் ஏத்தலாம்" என்று விரட்டிவிடுவார். அரட்டை என்று நினைத்து நான் அந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தேன்.

மறுநாளே மாற்றினோம். அழிக்கிற கமாண்டில் ஆமாம், இல்லை என்பதே கிடையாது. எந்த சைட்டை அழிக்கிறீர்களோ அதன் பெயரை முழுதாகத் தட்ட வேண்டும். லைவ் என்றால் தட்டினாலும் அழிக்காது. அந்த வழியையே அடைத்துவிட்டோம். 'கழுவு' என்ற பெயரும் போனது. பாத்திரம் கழுவுகிற மாதிரி சாதுவாக இருந்ததால்தான் கை கூசாமல் போனது. இப்போது அதன் பெயர் 'எல்லாத்தையும்-அழி'. தட்டி முடிப்பதற்குள் புத்தி வந்துவிடும். நகலும் ஒன்றன்மேல் ஒன்று எழுதாமல் தனித்தனியாக இருக்கும்.

லைவில் ஏற்றும்போது மட்டும் 'என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்கும். எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். பிரபுவின் முதல் பதில், 'சாரிடம் திட்டு'. சாரின் முதல் பதில், 'உனக்கெதுக்கு?'

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோதனை முடிந்தது. சார் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "சுதா பேசல. ஒத்துக்கறேன். ஆனா லைவே காலியாச்சே. இதை எப்படிம்மா நான் பாஸ்னு சொல்றது?"

எனக்குக் கத்த வராது என்று முன்பே சொன்னேன், சபையில் பேசவும் வராது. அன்று வந்தது. "சார், டப்பா தப்பு பண்ணாதுன்னு நாம சோதிக்கல. அக்கா இல்லாம நம்மால சமாளிக்க முடியுமான்னுதான் சோதிச்சோம். நாமதான சமாளிச்சோம்? மாமா கூட நம்மள விட்டுப் போகல."

சார் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சுதா, இப்ப நீ பேசலாம்," என்றார்.

அணை உடைந்தது. வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சுதாக்கா கொட்டினார். பிரபு நாற்காலியில் உட்காரும் விதத்திலிருந்து நான் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் லட்சணம் வரை எதுவும் மிஞ்சவில்லை. "எவனாவது அழிக்கிற கமாண்டையும் பாக்கிற கமாண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்பானா? ஒரே ஒரு காப்பியா வெச்சிருப்பான்? அன்னிக்கு எனக்கு வலி வராததே அதிசயம்!" என்று சாரையும் சேர்த்துத் திட்டி முடித்து, மூச்சு வாங்கித் தண்ணீர் குடித்தார். கடைசியாக, "அந்த நாற்காலியை இழுத்தான் பாருங்க, அது போதும் சார். நான் போறேன்," என்றார்.

சார் லேப்டாப் பையை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஒருநாள், நாங்கள் எதுவும் செய்யாமலே, வாடகைக்கு எடுத்திருந்த சர்வர் நின்றுபோனது. சைட் படுத்துவிட்டது. ஒரு போனில் மாமா. இன்னொரு போனில் சர்வர் கம்பெனி, பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தது. நானும் பிரபுவும் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்போது சார் போன் அடித்தது. சுதாக்கா. சார் ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், பொண்ணு பொறந்திருக்கா."

ஆபீசே ஹோவென்று கத்தியது. மாமா தன் போனிலிருந்து, "என்னாச்சு, சைட் வந்துடுத்தா?" என்று கத்தினார். நான் அவசரமாக அந்தப் போனைக் கையால் பொத்தினேன்.

சுதாக்காவின் குரல் மாறியது. களைத்த குரல்தான், ஆனால் கூர்மையாக இருந்தது. "அங்க என்ன சத்தம்? யாரு மாமாவா? லைவ் போயிடுச்சா?"

சர்வர் கம்பெனியின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லக்கா," என்றான் பிரபு. "கேக் வெட்டறோம். பாட்டெல்லாம் போட்டு."

"கேக்கா? இப்பத்தானடா சொன்னேன்?"

"நாங்க முன்னாடியே ரெடியாக் கீறோம்க்கா!"

சுதாக்காவுக்குப் பின்னால் குழந்தை சிணுங்கியது. "சரி," என்றார், "நல்லாச் சாப்பிடுங்க." போனை வைத்துவிட்டார். நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. திரும்பக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ரமணன் சார் சட்டைப் பையைத் தடவி அலமாரிச் சாவி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பிரபுவிடம் திரும்பினார். "ஓடு. ஒரு கேக் வாங்கிட்டு வா. அவகிட்ட பொய் சொன்னதா இருக்கக் கூடாது."

"சைட்டு சார்?"

"அதை வேலு பார்த்துப்பான். நீ போ."

பிரபு படியிறங்கி ஓடினான். நான் மாமாவின் போனை எடுத்தேன். "மாமா, சர்வர் நின்னுடுச்சு," என்றேன். "இந்தத் தடவை நிஜமாவே சர்வர்தான்."